வில்லனின் ஜாகுவார், இன்ஸ்பெக்டரின் ஜாகுவார்

ஐம்பது ஆண்டுக்கு முந்தைய டி.வி. போலீஸ் தொடர்களை இன்றும் நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறது ஒரு கூட்டம். குற்றவாளி யார் என்பது அவர்களுக்கு மனப்பாடம். தேடுவது, பின்னால் தெரியும் தெருவை!

லண்டனில் எடுத்த பழைய போலீஸ் தொடர்களின் ரசிகர் யாரிடமாவது 'என்.எச்.கே. 295 எம்' என்று சொல்லிப் பாருங்கள். அடுத்த அரை மணி நேரம் உங்களை விடமாட்டார். அது ஒரு ஃபோர்டு கான்சல் ஜி.டி. காரின் நம்பர். வெண்கல நிறம், நான்கு கதவு, மூன்று லிட்டர் வி6 எஞ்சின். 'தி ஸ்வீனி' தொடரில் டிடெக்டிவ் இன்ஸ்பெக்டர் ஜாக் ரீகன் ஏறி, கதவை அறைந்து சாத்தி, டயர் தேயத் தேயத் திரிந்த வண்டி.

அந்த நம்பரிலேயே பாதிக் கதை இருக்கிறது. கடைசி எழுத்தான 'எம்', வண்டி 1973 ஆகஸ்டுக்கும் 1974 ஜூலைக்கும் இடையே பதிவானது என்று காட்டுகிறது. நடுவில் வரும் 'எச்.கே.' எஸ்ஸெக்ஸ் பகுதியின் குறியீடு. ஃபோர்டு கம்பெனியின் பிரிட்டிஷ் தலைமை அலுவலகம் இருந்தது அந்த எஸ்ஸெக்ஸில்தான். தயாரிப்பாளர் ஷோரூமுக்குப் போய் செக் எழுதிக் கொடுத்து வாங்கிய வண்டி அல்ல. விளம்பரமாக இருக்கட்டும் என்று கம்பெனி கொடுத்தது. சுருக்கமாகச் சொன்னால், ஓசிக் கார்.

பழைய போலீஸ் தொடர்களைத் தோண்டத் தோண்ட இப்படித்தான் வருகிறது. ஓசியில் வந்தது, மலிவாகக் கிடைத்தது, செலவை மிச்சம் பிடிக்கச் செய்தது. இன்றைக்கு ரசிகர்கள் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுவது பெரும்பாலும் அவற்றைத்தான். காசு கொட்டி எழுதி வாங்கிய கதைகளையும் வசனங்களையும் யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை.

பள்ளிக்கூடத்தில் ஒரு போலீஸ் ஸ்டேஷன்

'தி ஸ்வீனி' 1975 ஜனவரி 2 அன்று ஐ.டி.வி.யில் தொடங்கியது. 1978 வரை நான்கு சீசன்கள், 53 எபிசோடுகள். ஆயுதம் ஏந்திய கொள்ளையரைப் பிடிக்க லண்டன் போலீஸ் வைத்திருந்த 'ஃப்ளையிங் ஸ்குவாட்' தனிப்படைக்கு நகரத்துத் தெருப்பேச்சில் வழங்கிய பெயர்தான் ஸ்வீனி. ரீகனாக ஜான் தா, அவருடைய சார்ஜென்ட் கார்ட்டராக டென்னிஸ் வாட்டர்மேன். முதல் எபிசோடு வந்த மறுநாள்தான் ஜான் தாவுக்கு 33 வயது. திரையில் பார்த்தால் நாற்பத்தைந்துக்குக் குறைத்துச் சொல்ல மனம் வராது. அப்படி ஒரு களைத்த முகம்.

அன்றைய பிரிட்டிஷ் டி.வி. நாடகம் என்றால் ஸ்டுடியோதான். பெரிய பெரிய எலெக்ட்ரானிக் கேமராக்கள், தட்டினால் ஆடும் சுவர்கள். தெருக்காட்சி வேண்டுமென்றால் தனியாக ஃபிலிமில் எடுத்து நடுவே ஒட்டுவார்கள். தேம்ஸ் டெலிவிஷனின் துணை நிறுவனமான யூஸ்டன் ஃபிலிம்ஸ் அந்த வழக்கத்தை விட்டுவிட்டது. செய்திக் கேமராமேன்கள் தோளில் தூக்கிக்கொண்டு ஓடும் 16 மி.மீ. கேமராவிலேயே முழுத் தொடரையும் எடுப்பது என்று முடிவு செய்தார்கள். ஸ்டுடியோ வாடகை கிடையாது. ஹாமர்ஸ்மித் பகுதியில் மாணவர்கள் காலி செய்துவிட்டுப் போன கோலெட் கோர்ட் என்ற பழைய பள்ளிக் கட்டடம்தான் அவர்களுக்கு அலுவலகம். திரையில் ரீகனின் போலீஸ் அலுவலகமாக வந்த அறைகளும் அங்கேயே.

ஒரு எபிசோடுக்குப் பத்து நாள் படப்பிடிப்பு. ஐம்பது நிமிடக் கதைக்கு நாளொன்றுக்கு ஐந்து நிமிடம் தேற்றியாக வேண்டும். இந்த அவசரத்தில் நகரத்தின் மறுகோடிக்கு லாரி லாரியாகச் சாமான் ஏற்றிக்கொண்டு போக முடியுமா? ஹாமர்ஸ்மித், ஃபுல்ஹாம், ஷெப்பர்ட்ஸ் புஷ் என்று பக்கத்துத் தெருக்களிலேயே முடித்தார்கள். துரத்தல், அடிதடி என்றால் யாருக்கும் இடைஞ்சல் இல்லாத இடம் வேண்டும். அன்றைய லண்டனில் அதற்குப் பஞ்சமே இல்லை. சரக்குப் போக்குவரத்து கண்டெய்னருக்கு மாறி, கப்பல்கள் ஆற்றுக்குக் கீழே டில்பரி துறைமுகத்துக்குப் போய்விட்டன. செயின்ட் கேத்தரின் துறை 1968-லேயே மூடியாயிற்று. தேம்ஸ் கரை நெடுகக் கண்ணாடி உடைந்த கிடங்குகள், புல் முளைத்த தண்டவாளங்கள், பழைய இரும்புக் கடைகள், உலகப்போர்க் குண்டு விழுந்து முப்பது ஆண்டாகியும் கட்டாமல் கிடந்த மனைகள்.

அந்த நகரத்தை யாரும் ஆவணப்படுத்த நினைக்கவில்லை. சுற்றுலாத் துறை எடுத்த படங்களில் பிக் பென்னும் காவல் மாறும் சிப்பாய்களும்தான் இருக்கும். இடிந்த கிடங்கையும், மழை ஒழுகும் ரயில் பாலத்தடி ஒர்க் ஷாப்பையும், மதியம் மூன்று மணிக்குக் கதவைச் சாத்தும் பப்பையும் எவர் படம் பிடிப்பார்? ரீகன் அவற்றுக்குள் புகுந்து திருடனைத் துரத்தியதால் அவை பிழைத்தன.

அண்ணன் எழுதியது அழிந்தது

இதே ஜனவரி 2-ம் தேதி, சரியாக 13 ஆண்டுகளுக்கு முன்பு, 1962-ல் பி.பி.சி.யில் 'இஸட் கார்ஸ்' தொடங்கியது. லிவர்பூல் பக்கம் நியூடவுன் என்ற கற்பனை ஊர், ஃபோர்டு ஸெஃபிர் காரில் ரோந்து வரும் போலீஸ்காரர்கள். உருவாக்கியவர் ட்ராய் கென்னடி மார்ட்டின். 'ஸ்வீனி'யை உருவாக்கிய இயன் கென்னடி மார்ட்டின் இவருடைய தம்பி. மினி கூப்பர்கள் மாடிப்படியில் இறங்கி ஓடுமே, அந்த 'தி இட்டாலியன் ஜாப்' (1969) படத்தை எழுதியவரும் இந்த அண்ணன்தான். அந்தக் குடும்பத்துக்குக் கார் என்றால் ஒரு தனி ருசி போல.

'இஸட் கார்ஸ்' ஆரம்ப காலத்தில் நேரலையாகவே நடித்து ஒளிபரப்பானது. ஸ்டுடியோவுக்குள் காரை நிறுத்தி, பின்னால் திரையில் சாலைப் படத்தை ஓடவிட்டு, நடிகர் ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் ஆட்டுவார். மனைவியோடு சண்டை போடும் போலீஸ்காரர், குடிக்கும் போலீஸ்காரர் என்று அன்றைக்குப் புதுசாக இருந்த துணிச்சல் அதில் உண்டு. நடிப்பு, எழுத்து என்று பார்த்தால் தம்பியின் தொடருக்கு ஒரு படி மேல் என்றே சொல்வேன். என்ன பயன்? டேப் விலை அதிகம் என்று அழித்து, அதன் மேலேயே வேறு நிகழ்ச்சிகளைப் பதிந்தார்கள். 1978 வரை ஓடிய சுமார் 800 எபிசோடுகளில் பாதிக்கு மேல் இன்று இல்லை. தீம் இசை மட்டும் எவர்ட்டன் ஃபுட்பால் அணி மைதானத்துக்குள் வரும்போது இன்றும் ஒலிக்கிறது.

ஃபிலிமில் எடுத்த 'ஸ்வீனி'யில் ஒன்றுகூடக் குறையவில்லை. அதோடு, ஃபிலிமைப் புதிதாக ஸ்கேன் செய்தால், அன்றைய டி.வி. பெட்டியில் தெரியாததெல்லாம் தெரிகிறது. கடைக் கண்ணாடியில் ஒட்டிய விலைச் சீட்டு, சுவரில் கிழிந்த போஸ்டர், படப்பிடிப்பை வேடிக்கை பார்க்கும் பெண்மணியின் கையில் இருக்கும் காய்கறிப் பை. காட்சியில் வரும் தெருவைத் தேடும் ரசிகர்களுக்கு வேறென்ன வேண்டும்?

மாடி பொய் சொல்லாது

இந்த இடம் தேடுகிறவர்களின் வேலை ரீகனின் வேலையைவிடப் பொறுமை கேட்பது. காட்சியை நிறுத்துகிறார்கள். மூலையில் ஒரு பப்; பெயர்ப்பலகையில் பாதி மறைந்திருக்கிறது. தூரத்தில் ஒரு சர்ச் கோபுரம், ஒரு காஸ் டேங்க். பழைய டெலிபோன் டைரக்டரி, பழைய சர்வே வரைபடம், கூகுள் ஸ்ட்ரீட் வியூ மூன்றையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்காருகிறார்கள்.

இதில் கை தேர்ந்தவர்கள் கீழ்த்தளத்தை நம்பமாட்டார்கள். ஐம்பது ஆண்டில் இறைச்சிக் கடை காபிக் கடையாகியிருக்கும். ஷட்டர், பலகை, கதவு எல்லாம் மாறியிருக்கும். மாடி ஜன்னலின் செங்கல் வளைவையும், கூரை விளிம்பையும், புகைபோக்கிகள் நிற்கும் வரிசையையும் யாரும் அவ்வளவு சீக்கிரம் தொடமாட்டார்கள். ஜன்னல்களை எண்ணி, புகைபோக்கிகளை எண்ணி, 'இதுதான்' என்று பிடித்துவிடுவார்கள். அப்புறம் ஒரு சின்ன ஏமாற்றமும் வரும். ஒரு மூலையில் திரும்பும் கார், அடுத்த ஷாட்டில் இரண்டு மைல் தள்ளி வேறொரு தெருவில் வெளியே வரும். படத்தொகுப்பாளருக்கு வழியா முக்கியம்?

நமக்கும் இது புதுசில்லை. கிராமத்து ஹீரோ சென்ட்ரல் ஸ்டேஷனில் இறங்கியதும் எல்.ஐ.சி. கட்டடத்தைக் காட்டுவார்களே, அந்த ஷாட்டுகளில் ஓரமாக ஓடும் பஸ்ஸையும் ஆளில்லாத மவுண்ட் ரோட்டையும் பார்க்கத்தான் இன்று பலர் பழைய படங்களை மறுபடி போடுகிறார்கள்.

லண்டனில் ஒப்பிட்டுப் பார்த்தால் தலை சுற்றும். 'ஸ்வீனி' எடுத்த காலத்தில் பாட்டர்சீ அனல்மின் நிலையம் மின்சாரம் தயாரித்துக்கொண்டிருந்தது. 1983-ல் மூடி, 2022 அக்டோபரில் கடைகளும் ஆடம்பர அடுக்குமாடி வீடுகளுமாகத் திறந்தார்கள். ரீகன் புரண்டு சண்டை போட்டது போன்ற துறைமுகப் பகுதிகளில் இன்று வங்கிகளின் கண்ணாடிக் கோபுரங்கள் நிற்கின்றன.

திருடர்கள் ஏறிய ஜாகுவார்

ரீகனுக்கு ஃபோர்டு என்றால் கொள்ளையருக்கு ஜாகுவார். இது ஸ்டைலுக்காகச் செய்தது என்று நினைப்பவர்கள் உண்டு. கணக்கைப் பார்த்தால் வேறு மாதிரி தெரிகிறது. ஜாகுவார் மார்க் 2 உற்பத்தி 1967-லும், எஸ்-டைப் 1968-லும் நின்றுவிட்டன. 1975-ல் அவை ஏழெட்டு ஆண்டுகளுக்கு மேல் பழசு. அடியெல்லாம் துரு. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு பெட்ரோலைக் குடம் குடமாகக் குடிக்கும் வண்டியை வீட்டில் வைத்துக்கொள்ள யாருக்கும் மனமில்லை. அடிமாட்டு விலைக்குக் கிடைத்தன. பார்க்கப் பகட்டு, வாங்க மலிவு, இடித்து நொறுக்கினால் அழ ஆளில்லை. வில்லனுக்கு இதைவிடப் பொருத்தமான வண்டி ஏது? போதாக்குறைக்கு, 1960-களில் நிஜக் கொள்ளையரும் அவர்களைத் துரத்திய போலீஸும் அதே மார்க் 2-வைத்தான் விரும்பி ஓட்டினார்கள்.

அந்த ஃபோர்டுகளின் கதியும் சுகமில்லை. கான்சல் என்ற பெயரையே 1975-ல் எடுத்துவிட்டு எல்லாவற்றையும் கிரனாடா ஆக்கினார்கள். கனமான உடம்பு, அடித்தாலும் தாங்கும் என்பதால், பழைய கார்களை ஒன்றோடொன்று மோதவிடும் 'பேங்கர் ரேஸ்'காரர்களுக்கு கிரனாடா செல்லப்பிள்ளை. ஆயிரக்கணக்கில் அப்படியே ஒழிந்தன. மிச்சமிருப்பதைத் துருவோடு பார்த்தால்கூட இன்று போட்டி போட்டு வாங்குகிறார்கள்.

அமெரிக்காவில் கதை வேறு மாதிரி. அங்கே கார் பின்னணியில் நிற்காது. டைட்டில் கார்டிலேயே பங்கு கேட்கும். 1975 முதல் 1979 வரை ஓடிய 'ஸ்டார்ஸ்கி அண்ட் ஹட்ச்' என்றதும் நினைவுக்கு வருவது சிவப்பு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட ஃபோர்டு கிரான் டொரினோ. ரகசியமாகப் பின்தொடரும் டிடெக்டிவ்களுக்கு ஊரே திரும்பிப் பார்க்கும் வண்டி! ஸ்டார்ஸ்கியாக நடித்த பால் மைக்கேல் கிளேசருக்கு அந்தக் காரைக் கண்டாலே ஆகாது. மக்களுக்கு ஆனது. 1976-ல் ஃபோர்டே அதே பட்டையோடு ஆயிரத்துக்குச் சற்று மேல் வண்டிகளைச் செய்து விற்றது. கதை நடக்கும் பே சிட்டி ஒரு கற்பனை ஊர். எடுத்தது லாஸ் ஏஞ்சலஸில்.

'கொலம்போ' நாயகன் பீட்டர் ஃபாக் தன் வண்டியைத் தானே தேர்ந்தெடுத்தார். யூனிவர்சல் ஸ்டுடியோவின் கார் கொட்டடியில் ஒரு மூலையில் மூக்கை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது ஒரு பெஷோ 403 கன்வெர்ட்டிபிள். சாயம் போனது, ஒழுங்காகக் கிளம்பாதது. கசங்கிய கோட்டுக்கு ஏற்ற கார் என்று அதையே கேட்டார். ஓட்டை வண்டி என்று கதையில் எல்லோரும் கேலி செய்வார்கள். உண்மையில் பெஷோ கம்பெனி அந்தக் கன்வெர்ட்டிபிளை இரண்டாயிரத்துச் சொச்சம்தான் செய்தது. பெவர்லி ஹில்ஸ் பணக்கார வீட்டு வாசலில் நிற்கும் மெருகேற்றிய கார்களைவிட அபூர்வமானது கொலம்போவின் தகர டப்பா.

ஹவாயில் எடுத்த 'ஹவாய் ஃபைவ்-ஓ' (1968-1980) இன்னொரு விதம். அதில் போலீஸ் தலைமையகமாக வரும் இயோலானி மாளிகை, ஹவாய் மன்னர்களின் அரண்மனை. ஆட்சியைப் பறிகொடுத்த ராணி லிலியுகலானியை 1895-ல் சிறை வைத்ததும் அங்கேதான். அந்த வரலாற்றை அறிந்துகொண்டு பார்த்தால், அதே வாசலில் கறுப்பு மெர்க்குரி கார் சீறி வந்து நிற்கும் காட்சி அவ்வளவு ஜாலியாக இருப்பதில்லை.

ஜாலி என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். ரீகன் கைதியை அறைவார், வாரண்ட் இல்லாமல் கதவை உடைப்பார், விதியைக் காட்டும் மேலதிகாரியை எள்ளி நகையாடுவார். 'அந்தக் காலத்து போலீஸ் போல வருமா' என்று உருகுகிறவர்கள் இதைத்தான் சொல்கிறார்கள். அந்தக் காலத்து போலீஸ் எப்படி இருந்தது? தொடர் ஓடிக்கொண்டிருந்தபோதே, 1977-ல், நிஜ ஃப்ளையிங் ஸ்குவாடின் தலைவராக இருந்த கமாண்டர் கென்னத் ட்ரூரி, ஆபாசப் புத்தக வியாபாரிகளிடம் லஞ்சம் வாங்கிய வழக்கில் எட்டு ஆண்டு சிறைத்தண்டனை பெற்றார். விசாரணையையும் கைதையும் ஒழுங்குபடுத்தும் சட்டம் 1984-ல் வந்தது. காரணம் இல்லாமல் வரவில்லை. அந்தக் காரை ரசிக்கலாம், அந்தத் தெருவை ரசிக்கலாம். கைதி வாங்கும் அறையை ரசிக்கத் தேவையில்லை.

ஆக்ஸ்ஃபோர்டில் மறுபிறவி

ரீகன் திரையில் தோன்றிய அதே 1975-ல் கோலின் டெக்ஸ்டர் எழுதிய முதல் இன்ஸ்பெக்டர் மோர்ஸ் நாவல் வெளிவந்தது. புத்தகத்தில் மோர்ஸ் ஓட்டியது இத்தாலிய லான்சியா. 1987 ஜனவரியில் டி.வி.க்கு வந்தபோது அவருக்குக் கொடுத்தது சிவப்பு நிற ஜாகுவார் மார்க் 2, நம்பர் 248 ஆர்.பி.ஏ. மோர்ஸாக நடித்தவர்? ஜான் தா!

பன்னிரண்டு ஆண்டுக்கு முன் எந்தக் காரில் தப்பிய கொள்ளையரைத் துரத்தினாரோ, அதே ரகக் காரில் இப்போது ஓபரா கேட்டுக்கொண்டு ஆக்ஸ்ஃபோர்டு கல்லூரி வாசலில் வந்து இறங்குகிறார். அடிமாட்டு விலையில் கிடந்த ஜாகுவார் அதற்குள் கனவான்களின் சின்னமாகிவிட்டிருந்தது. பெரும்பாலானவை துருவிலும் விபத்திலும் போய், எஞ்சியவை அருமையாகிப்போனதால் வந்த மரியாதை அது. டெக்ஸ்டரும் பிற்பாடு புத்தகத்தில் லான்சியாவை எடுத்துவிட்டு ஜாகுவாரைப் போட்டார். டி.வி. பார்த்து நாவலாசிரியர் கார் மாற்றிய கதை!

அந்தச் சிவப்பு வண்டியில் இருந்தது 2.4 லிட்டர் எஞ்சின். மார்க் 2 வரிசையிலேயே சோம்பேறி அதுதான். மணிக்கு நூறு மைலைத் தொடாது. கவலை இல்லை, மோர்ஸ் யாரையும் துரத்துவதில்லை. 33 கதைகளில் அவர் வேகமாகச் செய்தது குறுக்கெழுத்துப் புதிர் ஒன்றுதான். கடைசிக் கதை 2000-ல் வந்தது. ஜான் தா 2002 பிப்ரவரியில் காலமானார். அந்தக் கார் 2005-ல் ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல் விலை போனது.

ஆக்ஸ்ஃபோர்டில் இன்றும் மோர்ஸ் நடந்த வழி என்று சுற்றிக் காட்டுகிறார்கள். ரேண்டால்ஃப் ஹோட்டல், எக்ஸெட்டர் கல்லூரிப் புல்வெளி என்று வரிசையாகப் போகும். கார்ப் பிரியர்களாக அங்கே போகும் நம்மவர்களுக்கு ஒரு தகவல்: அதே ஊரின் கௌலி பகுதித் தொழிற்சாலையில் பிறந்த மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டுதான் நம் அம்பாசடருக்குத் தாய். நம் சினிமா இன்ஸ்பெக்டர்கள் ஏறி வந்த வெள்ளை அம்பாசடரும் மோர்ஸ் ஊர்ப் பிள்ளைதான்.

மோர்ஸின் இளமைக்காலக் கதையான 'எண்டெவர்' 2012-ல் தொடங்கியது, அதுவும் ஜனவரி 2-ல்! ஜான் தாவின் மகள் அபிகெயில் தா அதில் பத்திரிகை ஆசிரியையாக நடித்தார். முதல் கதையின் முடிவில் இளம் மோர்ஸ் கார்க் கண்ணாடியில் பார்க்கும்போது தெரிவது ஜான் தாவின் கண்கள். கொஞ்சம் மிகை என்று தோன்றினாலும், அந்த இடத்தில் விமர்சகனாக உட்கார்ந்திருப்பது கஷ்டம்.

ஏக்கத்தை விற்பவர்களும் சும்மா இல்லை. யார்க்‌ஷயரின் கோத்லண்ட் கிராமம், 1992 முதல் 2010 வரை ஓடிய 'ஹார்ட்பீட்' தொடரில் ஐடென்ஸ்ஃபீல்டு ஆனது. தொடர் முடிந்த பிறகும் அந்தப் பெயர்ப்பலகைகளைத் தேடி சுற்றுலாப் பயணிகள் வருகிறார்கள். அதே ஊர் ரயில் நிலையம்தான் முதல் ஹாரி பாட்டர் படத்தில் ஹாக்ஸ்மீட். 2006-ல் பி.பி.சி.யின் 'லைஃப் ஆன் மார்ஸ்', இக்கால போலீஸ்காரர் ஒருவரை விபத்தில் வீழ்த்தி 1973-க்கு அனுப்பியது. ரீகனின் பங்காளி போல ஒரு அதிகாரி, ஃபோர்டு கார்ட்டினா என்று அப்பட்டமான 'ஸ்வீனி' ஏக்கம். அதன் தொடர்ச்சியில் அந்த அதிகாரி ஆடி குவாட்ரோவுக்கு மாறினார். 2010 தேர்தலில் லேபர் கட்சி, எதிரணித் தலைவர் டேவிட் கேமரூனை அந்த குவாட்ரோ மேல் சாய்ந்து உட்கார்ந்தவராகப் போஸ்டர் அடித்தது. 'நாட்டை எண்பதுகளுக்குத் திருப்பிவிடுவார், உஷார்' என்பது அர்த்தம். கன்சர்வேட்டிவ் கட்சிக்காரர்கள் பார்த்தார்கள். அதே படத்தை எடுத்து, வசனத்தை மட்டும் மாற்றி, தங்கள் விளம்பரமாகவே வெளியிட்டுவிட்டார்கள். பழைய போலீஸ் கார் ஓட்டுக் குறைக்கும் என்று நினைத்தது தப்புக்கணக்கு.

புதிதாகப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு என் சிபாரிசு 'ஸ்வீனி' முதல் சீசன். ஒரே மூச்சில் பார்க்காதீர்கள். கொள்ளை, துரத்தல், குத்து, பப் என்று கதைகள் ஒன்றுபோல இருக்கும், மூன்றாவதிலேயே அலுத்துவிடும். வாரம் ஒன்று போதும். நிதானமும் நல்ல வசனமும் வேண்டுமென்றால் மோர்ஸ். பார்த்து முடித்ததும் ஜாகுவார் மார்க் 2 வாங்கும் ஆசை தலைக்கேறினால், எஞ்சினைக் கேட்பதற்கு முன் குனிந்து வண்டியின் அடித்தகட்டைப் பாருங்கள். அந்தக் கார்களைக் கொள்ளையர்களைவிட அதிகம் கொண்டுபோனது துருதான்.